நல்லதுக்குச் சொல்லும் அக்கா

செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் காலை வண்டியில், பெண்கள் பெட்டியில், நாங்கள் ஐந்து பேர் ஒன்றாகப் போவோம். எங்களுக்கு ஒரு தலைவி இருந்தாள். தேர்தல் ஏதும் நடக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் ஏறுவாள், நாங்கள் பிடித்து வைத்திருக்கும் ஜன்னலோர இடத்தில் உட்காருவாள், ஆட்சி தொடங்கிவிடும். எல்லோருக்கும் அவள் அக்கா.

நான் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் உருகிவிடும் ரகம் நான். அதை அக்கா முதல் நாளே மோப்பம் பிடித்துவிட்டாள்.

"உன்ன மாரி கெட்டிக்காரி இந்தப் பொட்டியிலயே கெடையாது கண்ணு" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒன்றரை வருடம் அவள் பையைத் தூக்கினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், அவள் மாமியாருக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை என் மகனுக்குக் காய்ச்சல், வர முடியாது என்றேன். அடுத்த ஒரு வாரம் அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்கு! இன்று நினைத்தாலும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் ஐவரில் ஒருவரான டீச்சர் மறைமலை நகரில் ஏறுவார். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் கணவர், தெளிவான பேச்சு, இஸ்திரி போட்ட புடவை. அவரிடம் நான் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா என் காதருகே குனிந்தாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாத. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ டிபன் பாக்ஸத் தொறந்தா கருவாட்டு நாத்தம் தாங்கலன்னு டீச்சரு மூக்கப் பொத்திக்கினு சொல்றா."

அன்றிலிருந்து நான் வண்டியில் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. டீச்சரோடு பேசவும் இல்லை. அவரும் என்னோடு பேசுவதை நிறுத்தினார். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் மாமல்லபுரம் போவதாகத் திட்டம். அக்கா போட்டதுதான். அன்று காலை நான் பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தலை சுத்துது கண்ணு. என்ன வுட்டுட்டு ஜாலியா போறதுன்னா போங்க."

மூன்று பேர் உடனே பின்வாங்கிவிட்டார்கள். பாதி வழி வந்துவிட்ட பிறகு திரும்பிப் போக எனக்கு அலுப்பாக இருந்தது. கடற்கரையில் போய் நின்றால், கணவரோடு காலையிலேயே வந்துவிட்ட டீச்சர் படகுகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். கணவர் யாரையோ பார்க்கப் போயிருந்தாராம். இரண்டு பேருக்கும் தப்பிக்க வழியில்லை.

டீச்சர்தான் ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? என் பையன் நீட்ல ஃபெயிலானதுக்கு, டீச்சர் புள்ளையே இந்த லட்சணமான்னு சிரிச்சீங்களாமே?"

"நானா? அவன் எழுதினதே எனக்குத் தெரியாதே! நீங்கதான் என் கருவாட்டு நாத்தம் தாங்கலன்னு சொன்னீங்களாம்."

டீச்சர் என்னை வெறித்துப் பார்த்தார். "எனக்கு தூத்துக்குடிங்க. கருவாடு இல்லாட்டி எனக்குச் சோறே எறங்காது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மணலிலேயே உட்கார்ந்து, யார் யாரைப் பற்றி எங்களுக்கு என்னென்ன சொல்லப்பட்டது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எல்லாமே 'நான் சொன்னேன்னு சொல்லாத' என்றுதான் தொடங்கியிருந்தன. ஐந்து பேரைப் பிரித்து வைக்க அந்த அம்மாள் பெரிதாகக்கூட உழைக்கவில்லை. ஒரே சட்டையை ஐந்து பேருக்கும் தைத்துப் போட்டிருக்கிறாள். படித்த கழுதைகள் நாங்களும் மாட்டிக்கொண்டு திரிந்தோம்.

அடுத்த நாள் வண்டியில் அக்கா என் பக்கமாகச் சாய்ந்தாள். "நேத்து டீச்சரோட சுத்துனியாமே? பாத்து இரு கண்ணு. அவ உன்னப் பத்தி இன்னா சொன்னா தெரியுமா…"

"இருங்கக்கா" என்றேன். குரலை உயர்த்தினேன். "டீச்சர் இங்கதான கீறாங்க. கூப்ட்டு கேட்டுருவோம். டீச்சர்!"

அக்காவுக்குக் கண்ணீர் வருவதற்கு முன்பே கைக்குட்டை வெளியே வந்துவிட்டது. அந்தத் திறமையை மட்டும் நான் மறுக்க மாட்டேன். "நல்லது சொல்ல வந்த என்ன இப்பிடி அவமானப்படுத்துறாளே" என்று விம்மினாள். மற்ற மூவரும் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, கொலைகாரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

அதில் ஒருத்தி மட்டும் இரண்டு மாதம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். மற்ற இருவரும் இன்னும் அக்காவுக்கு இடம் பிடிக்கிறார்கள். மாமியாருக்கு ரத்தம் எடுக்க ஊரப்பாக்கத்திலிருந்து வேறு ஒரு பெண் கிடைத்துவிட்டாளாம். அந்தப் பெண்ணை ஒருநாள் பிளாட்பாரத்தில் பார்த்தேன், அக்காவின் பை அவள் தோளில் இருந்தது.

"அவங்க யாரப் பத்தி இன்னா சொன்னாலும், சம்பந்தப்பட்டவங்க கிட்டயே ஒரு வார்த்த கேட்டுரும்மா" என்றேன்.

தலையாட்டினாள். சாயங்காலத்துக்குள் அதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தும் விட்டாள்.