கலண்டரில் அச்சான என் ராத்தாவின் நம்பர்

நான் வேலை செய்யும் பேக்கரியின் தேநீர் அறையில் நீளமான ஒரு மேசை இருக்கிறது. ஷெஃபீல்ட் நகரத்தின் ஓரத்தில், ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் பாண் சுட்டு அனுப்பும் பெரிய தொழிற்சாலை அது. காலை பத்து மணிக்கு எங்களுக்கு இருபது நிமிட ஓய்வு. எல்லோரும் போனை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள், எனக்கு எதிரே இருந்த மோரீனின் போன் அடித்தது. மோரீன் எங்கள் பகுதியின் மேற்பார்வையாளர், அறுபதை நெருங்கும் பெண். அவர் திரையை ஒருதரம் பார்த்தார். போன் அதிர்ந்து அதிர்ந்து சீனிப் போத்தல் வரைக்கும் நகர்ந்துபோனது. அது ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தன் நாய்க்குட்டியின் கதையைத் தொடர்ந்தார். மேசையில் இருந்த வேறு ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

யாரென்று பார்க்க வேண்டாமா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். தெரியாத நம்பர் என்றார். தெரியாத நம்பர் என்றால்தானே எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் ஒருவர் காலையில் மௌத்தானால் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிடுவார்கள். அந்தச் செய்தி எந்தக் கடைக்காரனின் போனிலிருந்தும், எந்த ஓட்டோக்காரனின் போனிலிருந்தும் வரலாம். இதையெல்லாம் விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. “யாராவது இறந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னேன். மோரீன் கோப்பையைக் கீழே வைத்தார். யார் இறந்தது என்று கேட்டார். என் வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எண்ணி, எனக்கு லீவு கேட்டு மேலாளரிடம் போக எழுந்தே விட்டார். ஒருவரும் இறக்கவில்லை, பொதுவாகத்தான் சொன்னேன் என்று விளங்கப்படுத்துவதற்குள் ஓய்வு நேரம் முடிந்துவிட்டது.

பிறகு ஒருநாள் மோரீன் தன் பக்கத்துக் காரணத்தைச் சொன்னார். தனியாக இருந்த அவருடைய தாயை, கனிவான குரலில் தினமும் போனில் பேசிப் பேசி ஒருவன் ஏமாற்றியிருக்கிறான். அதற்குப் பிறகு அந்தத் தாய் மணிச் சத்தம் கேட்டாலே நடுங்குவாராம். “முக்கியமான விஷயம் என்றால் செய்தி விட்டுவைப்பார்கள்” என்றார் மோரீன். இந்த நாட்டு மனிதர்களின் அந்தக் கட்டுப்பாட்டை நான் மெச்சத்தான் செய்கிறேன். யாரோ ஒருவர் அழைத்தார் என்பதற்காகத் தங்கள் நேரத்தை அள்ளிக் கொடுத்துவிட மாட்டார்கள். கையிலிருக்கும் வேலையை முடிப்பார்கள், பேசிக்கொண்டிருப்பவரை மதிப்பார்கள். இரண்டு வருடங்களில் நானும் அதில் தேறிவிட்டேன். தெரியாத நம்பர்களின் சத்தத்தை அடக்கிவைக்கும் ஒரு வசதி போனிலேயே இருக்கிறது. அதையும் போட்டுவிட்டேன். மனதுக்கு அமைதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இனி என் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெசீமா ராத்தா என் ஒரே மூத்த சகோதரி. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் மச்சானுடன் இருக்கிறா. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டா. மகள் தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சர். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு மகப்பேற்று டொக்டர் சின்னதாக ஒரு கிளினிக் திறந்தார். கிழமையில் சில நாட்கள் மட்டும் வெளியூரிலிருந்து வந்து பார்ப்பார். திறந்த வருடம் ஊரூராகக் கலண்டர் கொடுத்தார்கள். கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும் படம், அதன் கீழே போன் நம்பர். அச்சில் கடைசி இலக்கம் பிழையாக விழுந்துவிட்டது. அப்படிப் பிழையாக வந்த நம்பர் என் ராத்தாவுடையது. அடுத்த வருடக் கலண்டரில் திருத்திவிட்டார்கள்தான். ஆனால் அந்தக் குழந்தைப் படத்துக்காக முதல் கலண்டரை ஒருவரும் கழற்றவில்லை. நற்பிட்டிமுனையிலும் திருக்கோவிலிலும் சாகாமத்திலும், பிள்ளை எதிர்பார்க்கும் வீட்டுச் சுவர்களில் என் ராத்தாவின் நம்பர் இன்னும் தொங்குகிறது.

வேறு யாராவது என்றால் இரண்டாம் நாளே சிம்மை மாற்றியிருப்பார்கள். ராத்தா கிளினிக்குக்கு நேரில் போய், டொக்டர் வரும் நாட்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தா. கிளினிக்கில் வேலை செய்யும் பெண்பிள்ளையோடு சிநேகமாகிவிட்டா. டொக்டர் வராத நாளென்றால் அந்தப் பிள்ளை முதலில் ராத்தாவுக்குத்தான் அறிவிப்பாள். அழைக்கும் முஸ்லிம் பெண்கள் ராத்தா என்பார்கள், தமிழ்ப் பெண்கள் அக்கா என்பார்கள். மீன் கழுவிய கையோடு முழங்கையால் போனைத் தட்டி, “ஹலோ, ஆரு கதைக்கிற?” என்று தொடங்குவா. ஒருதரம் பரிசு விழுந்திருக்கிறது என்று எவனோ அழைத்தான். ராத்தா அவனிடம் எந்த ஊர், உம்மா இருக்கிறாவா, சாப்பிட்டாச்சா என்று கேட்கத் தொடங்க, அவனே வைத்துவிட்டான்.

போன வருடம் மூன்று கிழமை லீவில் ஊருக்குப் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்தாவுக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய ஆள், பிசைந்த சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து போகிறா. ஒரு பகல் சாப்பாட்டுக்குள் நான்கு அழைப்புகளை எண்ணினேன்.

“நம்பர மாத்துங்க ராத்தா” என்றேன்.

“மாத்தினா அவங்க ஆருக்கு எடுக்கிற?”

“சரியான நம்பருக்கு எடுப்பாங்க.”

“அந்தச் சரியான நம்பர அவங்களுக்கு ஆரு சொல்ற?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கறிச்சட்டியைக் கிளறப் போய்விட்டா.

அன்று பின்னேரம் ராத்தா தொழப்போன நேரத்தில், அவவுடைய போனை எடுத்து, தெரியாத நம்பர்களின் சத்தத்தை அடக்கும் அந்த வசதியைப் போட்டுவிட்டேன். அழைப்பவருக்கு மணி அடிக்கும், வீட்டுக்குள் சத்தம் வராது. ஒன்றும் சொல்லவில்லை. நல்லதைத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. ராத்தா உட்கார்ந்து சாப்பிட்டா. மூன்றாம் நாள் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே, “என்ன தம்பி, ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல. புள்ளத்தாச்சிகள் எல்லாருக்கும் சுகம் போல, அல்ஹம்துலில்லாஹ்” என்றா. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பணிசைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டேன்.

ராத்தா குளிக்கப் போனதும் போனைத் திறந்து பார்த்தேன். எடுபடாத அழைப்புகள் வரிசையாக நின்றன. அதில் ஒரே நம்பர் விடியற்காலையிலிருந்து பதினான்கு தடவை வந்திருந்தது. பதினான்கு என்பது எனக்குப் பயத்தைத் தந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, தெரியாத நம்பர் ஒன்றுக்கு நானாகவே அழைத்தேன்.

“அக்கா இல்லையா?” என்றது ஓர் ஆண் குரல்.

“நான் அவட தம்பி. நீங்க ஆரு?”

“நான் தவராசா, சாகாமத்தில இருந்து. விடிய இருந்து எடுத்தன். மணி அடிக்கிது, எடுக்கிறாங்க இல்ல. சரி, சனம் கூட போல, டொக்டர் வந்திட்டார் எண்டு நினைச்சிப் பெண்சாதியக் கூட்டிக்கிட்டு வந்திட்டன். இஞ்ச வந்து பாத்தா கிளினிக் பூட்டிக் கிடக்கு.”

நான் இருக்கும் நாட்டில் எடுபடாத போனுக்கு ஒரே அர்த்தம், தொந்தரவு செய்யாதே என்பது. எங்கள் பக்கத்து மனிதர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்திருக்கிறார். டொக்டர் வராத நாள் என்றால் அக்கா எடுத்துச் சொல்லிவிடுவா. எடுக்கவில்லை என்றால் கிளினிக் நிரம்பி வழிகிறது, எடுக்க நேரமில்லை, கெதியாகப் போக வேண்டும். இத்தனை வருடமும் எடுக்காமல் விடாத ஒருத்தியை நம்பி, கர்ப்பிணி மனைவியோடு இரண்டு பஸ் மாறி அவர் வந்திருந்தார்.

ஈரத் தலையோடு வந்த ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கினா. எத்தனை மாசம், கால் வீங்கியிருக்கா, தலையிடிக்கிறதா, கண்ணுக்குள் மின்னுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. ஒவ்வொரு பதிலுக்கும் குரல் தணிந்துகொண்டே வந்தது. போனை வைக்காமலே என் பக்கம் திரும்பினா. “தம்பி, ஓட்டோ ஒண்டு பிடி. கிளினிக்கடியில நிக்கிறாங்க. ஏத்திக்கிட்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போ, இஞ்ச கொணராத. நான் பின்னால வாறன்.”

கிளினிக்கின் பூட்டிய கதவருகே, நிழல் பார்த்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் புஸ்பம். வீங்கிய காலில் செருப்பு ஏறாமல் கையில் பிடித்திருந்தாள். தவராசாவின் கையில் ஒரு பையும் சுருட்டிய கடதாசி ஒன்றும் இருந்தன. இடம் தவறிவிடக் கூடாதென்று கலண்டரையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஓட்டோவில் அதை மடியில் விரித்து, “அக்காட நம்பர் இதுதானே?” என்று கேட்டார். சிரிக்கும் குழந்தையின் கீழே என் ராத்தாவின் நம்பர் இருந்தது. ஓம் என்றேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்ததும் புஸ்பத்தை உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும் நேரம் பிள்ளை பிறந்தது. எட்டாம் மாதப் பிள்ளை, நிறை குறைவு, ஆனால் அழுதது. தாய்க்கும் ஆபத்தில்லை என்றார்கள். இன்னும் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று ஒரு நேர்ஸ் சொன்னபோது, தவராசா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நன்றிகளில், வாங்கவே கூசிய நன்றி அதுதான்.

ஆஸ்பத்திரி முற்றத்து வாங்கில் உட்கார்ந்து ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, என்னை நானே கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளவும் பார்த்தேன். “நீங்க எடுத்திருந்தா டொக்டர் சனிக்கிழமைதான் எண்டு சொல்லியிருப்பீங்க. அவங்க வீட்டிலயே இருந்திருப்பாங்க. எடுக்காததால வந்தாங்க. வந்ததாலதானே தப்பினாங்க?”

ராத்தா கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. “நான் சனிக்கிழமை எண்டு மட்டும் சொல்லிட்டு வெக்கிற ஆளில்ல தம்பி. என்ன வருத்தம் எண்டு கேப்பன். கேட்டிருந்தா விடியவே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பன். அந்தப் புள்ள வெயிலுக்குள்ள அப்பிடிக் குந்திக்கிட்டு இரிந்திரிக்காது.” போனை என் கையில் தந்தா. “நீ இதில போட்ட பூட்டத் தொற.”

அவ்வளவுதான். வீட்டுக்குப் போனதும் எனக்கு மீன் பொரித்துத் தந்தா. அன்றிரவு அலுமாரிக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த அந்தத் துண்டுக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவ என் ராத்தா. எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்று கிளினிக் பிள்ளையிடமும் பிள்ளை பெற்ற பெண்களிடமும் கேட்டுக் கேட்டே படித்திருக்கிறா. யாரும் அவவை நியமிக்கவில்லை, யாரும் நன்றிக் கடிதம் எழுதவில்லை. பிழையாக வந்த ஒரு அழைப்பைத் தனக்கே வந்ததாக எடுத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும். அவவுக்குத் தம்பியாகப் பிறந்ததில் எனக்குப் பெருமைதான். இதை நேரில் சொன்னால் போடா என்பா என்பதால் இங்கே எழுதுகிறேன்.

திரும்பி வந்த பிறகு நான் இரண்டு போன் வைத்திருக்கிறேன். இடது பொக்கற்றில் இந்த நாட்டு நம்பர். அதில் தெரியாதவர்கள் வந்தால் சத்தம் வராது. வலது பொக்கற்றில் ஊர் சிம் போட்ட பழைய போன். அதில் யார் வந்தாலும் அடிக்கும். என்னைப் போல வெளியே வந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மோரீன் மட்டும் ஒருநாள், எந்தப் போன் உண்மையான போன் என்று கேட்டார்.

இந்தக் குளிர்காலம் ராத்தாவின் குரல் செய்தி ஒன்று வந்தது. “தம்பி, நானும் மச்சானும் உம்ராச் செய்ய மக்காவுக்குப் போறம். பதினாலு நாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில போன் எடுக்கேலா. அதால எனக்கு வாற கோல் எல்லாத்தையும் உன்ட ஊர் நம்பருக்குத் திருப்பி வெச்சிரிக்கன். டொக்டர்ட நாளெல்லாம் படம் புடிச்சி அனுப்பிரிக்கன். என்ன வருத்தம் எண்டு கேக்காம வெச்சிராத.” முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, போனை அடக்கிவைத்த என்னிடமே அதைத் தந்துவிட்டுப் போகிறா என்பதில் கண் கலங்கிவிட்டது.

நேற்றுக் காலை பத்து மணி. வெளியே கார்க் கண்ணாடிகளில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தேநீர் அறையில் வலது பொக்கற் அடித்தது. தெரிந்தவரா என்று மோரீன் கண்ணால் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு எடுத்தேன். மோரீன் தன் நாய்க்குட்டிக் கதையை நிறுத்திவிட்டு, எனக்காகப் பொறுத்திருந்தார்.

“ராத்தா இல்லையா?” நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு பெண்.

“அவ மக்காவுக்குப் போயிரிக்கா. நான் அவட தம்பி. சொல்லுங்க, என்ன வருத்தம்?”

ஏழாம் மாதம், வழமையான பரிசோதனை. கால் வீக்கம் இல்லை, தலையிடி இல்லை, பிள்ளைத் துடிப்பு நன்றாக இருக்கிறது. கேட்க வேண்டியவற்றை எல்லாம் கேட்டேன். டொக்டர் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவார் என்றேன்.

“சரி தம்பி. அப்ப சனிக்கிழமை உங்களையும் காணலாம்தானே? ராத்தா இல்லாட்டி, நீங்க அவ்விடத்த நிண்டா எங்களுக்கு ஒரு தைரியம்.”

“ஓம், வாங்க” என்று யோசிப்பதற்கு முன்பே என் வாய் சொல்லிவிட்டது. எதிர்ச் சுவரில் பேக்கரியின் இந்தக் கிழமை வேலை அட்டவணை தொங்கியது. அதில் சனிக்கிழமைக்கு நேரே, மோரீனின் கையெழுத்தில் என் பெயர் இருந்தது.