முப்பத்துநாலு புள்ளிகள்

கோணேஸ்வரி அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் இருக்கிற சோக் கட்டி முறியும். சாம்பல்தீவில் நாங்கள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவர் புவியியல், நான் இரண்டாம் மொழிச் சிங்களம். எங்கள் வகுப்புகளுக்கு நடுவில் அரைச் சுவர்தான். சோக் முறிகிற சத்தம் கேட்கும், பிறகு அவருடைய குரல் வரும்.

"மட்டக்களப்பைக் கடலுக்குள்ள தள்ளி வைச்சிருக்கிறாய். ஆர் உனக்கு அந்த அதிகாரம் தந்தது?"

இலங்கைப் படத்தைப் பார்க்காமல் கீறத் தெரியாத பிள்ளை அவருடைய ஓ.எல். பரீட்சை வகுப்பில் இருக்க ஏலாது. அதிலும் திருகோணமலை வருகிற இடத்தில் கரையைச் சும்மா ஒரு நெளிவு நெளித்துவிட்டுக் கீழே போய்விட முடியாது. குடா, உள்துறைமுகம், கொட்டியாரம் எல்லாம் வரவேண்டும். தம்பலகாமத்தில் பிறந்து, நாற்பத்துநாலு வயது வரைக்கும் அந்தக் கரையைப் பத்துக் கட்டை தூரத்துக்கு மேல் விட்டு விலகி இருந்ததில்லை அவர். கண்ணை மூடிக்கொண்டு கீறுவார்.

2006ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கொம்பியூட்டரில் அசையும் பாடப் படங்கள் செய்ய, மாவட்டத்தில் தமிழ் மொழி மூலம் படிப்பிக்கும் ஒருவரை எடுக்கப் போகிறார்களாம். அதற்கான பிளாஷ் என்ற மென்பொருளைப் படித்த சான்றிதழ் வேண்டும். அக்கா அன்றைக்கே பெயர் பதிந்துவிட்டு வந்து என்னையும் இழுத்தார்.

"நீயும் வா. பருவக்காற்றைக் கரும்பலகையில அம்புக்குறி போட்டு இருவது வருசம் காட்டிட்டன். அது ஒருநாளும் அசையேல்லை."

டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. படிப்பித்தவர் நஜ்முன் நிஸா. இருபத்துமூன்று வயது, அக்காவின் வயதில் ஏறக்குறையப் பாதி. அக்கா அவவை "மிஸ்" என்பார், அவ அக்காவை "ரீச்சர்" என்பா. முதல் வகுப்பிலேயே சண்டை. பென்சில் கருவியை எடுத்து அக்கா ஒரு கரையைக் கீறினார். கையை எடுத்ததும் அந்தக் கோடு தானாக நிமிர்ந்து, மூன்று நேர்க்கோடாகப் போய் நின்றது.

"மிஸ், இது என்ன, என்ர கோட்டைத் திருத்துது?"

"அது ஸ்ட்ரெய்ட்டன்ல இருக்கு ரீச்சர். கீழ பாருங்க, மாத்தலாம்."

"கேக்காமல் திருத்துறதுக்கு இது ஆர்?"

அடுத்த கிழமை வாளி. ஒரு வடிவத்துக்குள் நிறத்தை ஊற்றுகிற கருவி அது. எல்லைக் கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நிறம் ஏறாது. கடலுக்கு நீலம் ஊற்ற அக்கா பதினைந்து முறை அமத்தினார். நிஸா வந்து, திரையைப் பெருப்பித்து, நிலாவெளிப் பக்கம் ஒரு ஓட்டையைக் காட்டினா. அதற்கடுத்த கிழமை, கடலுக்கு மேல் கீறிய வள்ளத்தை இழுக்க, கடலில் வள்ளத்தின் அளவுக்கு ஒரு வெள்ளைப் பள்ளம். ஒரே அடுக்கில் கீறினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், வெவ்வேறு அடுக்கு வேண்டும் என்று நிஸா விளங்கப்படுத்தினா. அக்கா வைதுகொண்டே படித்தார். எங்களில் எவரையும் விட நன்றாகப் படித்தார்.

பேனைக் கருவிதான் அவருக்குப் பிடித்தது. ஒரு புள்ளி வைத்து இழுத்தால் வளைவு வரும், அடுத்த புள்ளியில் திரும்பும். குறைந்த புள்ளியில் சரியான வளைவு எடுப்பவர்தான் வேலை தெரிந்தவர் என்று நிஸா சொல்லியிருந்தா. கடைசியாகச் செய்து கொடுக்கவேண்டிய ஒப்படைக்கு நிஸாவின் கட்டளை இது: பேனையால் ஏதாவது ஒரு வடிவம் கீறி அசைக்கவேண்டும், அதன் எல்லைக்கோட்டைத் தாளிலும் எடுத்து, புள்ளிகளுக்கு வரிசையாக இலக்கம் போட்டுத் தரவேண்டும். நான் வண்ணத்துப்பூச்சி கீறினேன். இன்னொருவர் செவ்வரத்தைப் பூ. அக்கா துறைமுகத்தைக் கீறினார். வடகீழ்ப் பருவக்காற்று கடலில் ஏறி வர, மழை விழ, வள்ளங்கள் உள்துறைமுகத்துக்குள் ஒதுங்கும். முப்பத்துநாலு புள்ளி.

அதில் ஒரு பிழை இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் படவில்லை. அவ்வளவு நல்ல படம்.

ஒப்படைக்கிற நாள் மே மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு முதல். வகுப்புக் கொம்பியூட்டர்கள், வைரசுக்குப் பயந்து, நிற்பாட்டும்போதெல்லாம் சேமித்ததைத் துடைத்துவிடும். அக்காவின் மூன்று மாத வேலை ஒரேயொரு சீடியில்தான் இருந்தது. அதுவும் தாளும் அவருடைய பையில். பள்ளிக்கூடம் விட்டு இருவரும் ஆள் ஏற்றுகிற வான் ஒன்றில் டவுனுக்குப் போனோம்.

வழியில் சோதனைச் சாவடி. சித்திரையில் டவுனில் குண்டு வெடித்து, கடைகள் எரிந்த பிறகு எல்லாரையும் இறக்கி ஏற்றினார்கள். பையைக் கொட்டிய சிப்பாய் தாளை விரித்தான். சீடியையும் எடுத்து, விரித்தபடியே உள்ளே கொண்டு போனான். எங்களை விட்டுவிட்டு வான் போய்விட்டது.

அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். ஓரளவு தமிழ் தெரியும். "ரீச்சர், இது என்ன?"

"துறைமுகம்."

"இந்த நம்பர் என்ன?"

"வளைவு திரும்புற இடங்கள்."

"பதினேழாம் நம்பர்ல நேவி இருக்கு. தெரியுமா?"

"அதுல கரை திரும்புது. நேவி வர முந்தியும் திரும்பித்தான் இருந்தது."

நான் இடையில் புகுந்து சிங்களத்தில் படக் கருவி, வகுப்பு, சான்றிதழ் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"எதைப் பார்த்துக் கீறினது?"

"ஒண்டையும் பாக்கேல்லை. மனசில இருந்து."

தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியையும் பென்சிலையும் தள்ளினான். "கீறுங்க."

நான் அவருடைய முழங்கையை இடித்தேன். கோணலாகக் கீறுங்கோ, மறந்துபோச்சுது என்று சொல்லுங்கோ என்பதுதான் அந்த இடிக்கு அர்த்தம். அக்காவுக்கு அது விளங்கியது. விளங்கியபடியால்தான் இன்னும் கோபம் ஏறியது. பென்சிலைக் கூர் பார்த்துவிட்டு ஒரே இழுவையில் கீறினார். குடா, உள்துறைமுகம், தீவுகள், கொட்டியாரம். கீறி முடித்து, வடக்கு எது என்று ஒரு அம்புக்குறியும் போட்டார். அவன் தாளையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒன்று.

"பயிற்சி எடுத்திருக்கிறீங்க" என்றான்.

"ஓம். பயிற்சி குடுக்கிறதுதான் என்ர வேலை. வருசத்துக்கு முப்பது பிள்ளையளுக்குக் குடுக்கிறன்."

ஒரு மணித்தியாலம் மர வாங்கில் இருத்தினார்கள். பிறகு சிங்களத்தில் எழுதிய ஒரு தாள் வந்தது. கையெழுத்து வைத்தால் சீடியைத் தந்து அனுப்புவானாம். நான் வாசித்தேன். இந்தப் படத்தில் இலக்கம் போடும்படி தன்னிடம் கேட்டது நஜ்முன் நிஸா என்பவர், இவ்வளவுதான் இருந்தது. ஒப்படைத் தாளின் தலைப்பில் இருந்த பெயரை அப்படியே எடுத்திருந்தான்.

மணி மூன்று பத்து.

"அக்கா, இது பொய் இல்லைத்தானே. அவ சொல்லித்தானே போட்டீங்கள்? வையுங்கோ, போவம்."

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். இன்றைக்கு வெளிநாட்டில், ஒருவரும் பையைக் கொட்டாத ஒரு நகரத்தில் இருந்தும், வாசலில் மணி அடித்தால் எழும்பிப் பெயரைச் சொல்ல ஆயத்தமாகிறவள் நான். அன்றைக்கு அந்தப் பயம் இன்னும் புதிசு.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு வாசிக்கத் தெரியும். வாசிச்சுப்போட்டுமா இப்பிடிச் சொல்லுறாய்?"

தாளை அவனிடம் தள்ளினார். "படம் கீறினது நான். இலக்கம் போட்டது நான். என்ர பேரை எழுதிக்கொண்டு வாங்கோ, வைக்கிறன்."

அவன் எழுதவில்லை. எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஆனந்தராசாவுக்குப் போன் எடுத்தான். அவர் எங்களுக்காக ஏதோ சொல்லியிருப்பார்போல. மூன்றே முக்காலுக்குப் போகலாம் என்றான். சீடி இங்கேயே நிற்கும், தாள் நிற்கும், கொப்பியும் நிற்கும்.

"ரசீது தாங்கோ" என்றார் அக்கா.

சிப்பாய் சிரித்தான். அக்கா அசையவில்லை. வெளியே இரண்டு வான் ஹோர்ன் அடித்தது. கடைசியில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தான். சீடி ஒன்று, வரைபடம் இரண்டு. அவன் கீறச் சொன்னதையும் அவனே கணக்கில் சேர்த்திருந்தான்.

வகுப்புக்குப் போனபோது நாலரை. நிஸா கதையைக் கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டா.

"என்ட பேரச் சொன்னீங்களா?"

"இல்லை" என்றார் அக்கா.

"அல்லாஹ்! ஏன் ரீச்சர் தொறமுகம்? பூ ஒண்டு கீறியிருந்தா என்ன?"

"பூவோ? நான் என்ன புவியியலுக்குப் பூ படிப்பிக்கிறனோ?"

"எங்கட வாப்பா கேட்டா இனி என்னை இங்க விடமாட்டார். உங்களுக்குக் கோவம் வந்தா அது எங்கட தலையிலதான் விழும்!"

"என்ர தலையில விழுந்ததைத்தான் இப்ப சொல்லிக்கொண்டிருக்கிறன்!"

இரண்டு பேரும் கத்தினார்கள். வகுப்பு நடத்துகிற நிலையத்தின் முகாமையாளர் வந்து கதவைச் சாத்தினார். இனி அக்கா வரவேண்டாம் என்று அவர் மெதுவாக, மிக மரியாதையாகச் சொன்னார். மாவட்டத்துக்கு எடுத்த அந்த ஒரு பதவி செவ்வரத்தை கீறியவருக்குப் போனது. அது இதழ் இதழாக விரியும், நல்ல வேலைதான்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அக்கா சாவடியில் இறங்கி ரசீதை நீட்டினார். சீடி மேலிடத்துக்குப் போயிருக்கு என்றார்கள். செவ்வாயும் புதனும் அதே பதில். ஒவ்வொரு நாளும் வானில் இருந்தவர்கள் எங்களைத் திட்டினார்கள். "ரீச்சர், உங்கட சீடிக்காக நாங்களும் பிந்துறம்!" மூன்றாம் கிழமை சிப்பாய் சிரித்த முகத்தோடு ஒரு சீடியைக் கொண்டு வந்தான். அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் போட்டுப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கலியாண வீட்டு வீடியோ. அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தார்.

"இது என்ர இல்லை."

"ஏதாவது ஒண்டுதானே ரீச்சர், வச்சிக்கங்க."

"பொம்பிளை வீட்டுக்காரர் தேடுவினம். குடுங்கோ அவையிட்டை."

ஆவணியில் சண்டை பெருத்தது. மூதூர் ஆட்களும் ஈச்சிலம்பற்று ஆட்களும் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாதம். சாவடியில் ஆட்கள் மாறினார்கள். பழைய அதிகாரி இல்லை. புதியவன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தக் கையெழுத்து ஆருடையது என்று தனக்குத் தெரியாது என்றான். இனி வரவேண்டாம் என்றும் என்னிடம் சிங்களத்தில் சொன்னான். நான் மொழிபெயர்த்தேன்.

"தெரியாது எண்டதை எழுதித் தரச் சொல்லு" என்றார் அக்கா.

நான் சொன்னேன். அவன் எங்கள் இருவரையும் பார்த்தான், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தான், பேனையை எடுத்தான். ஒரே ஒரு வரி. அக்கா வாங்கி என்னிடம் காட்டினார். தெரியாது என்றுதான் எழுதியிருந்தது. அவர் அதைத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

"திகதி போடேல்லை. போடச் சொல்லு."