ஒரு வரிக்கு நான்கு எழுத்து

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. சவுதி தம்மாம் லேபர் கேம்ப் நண்பர்கள் பொறுத்துப் படியுங்கள்.

போன வியாழக்கிழமை டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தபோது போனில் செய்தி வந்திருந்தது. வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவேன். அன்று நானே படித்தேன். லீவில் ஊருக்குப் போன செல்வம் இறந்துவிட்டார். யார் உதவியும் இல்லாமல் நான் படித்த முதல் செய்தி அது.

எலக்ட்ரீஷியன் செல்வத்தை உங்களுக்குத் தெரியும். யாரோ தூக்கிப்போட்ட பழைய டிவியை கேட் பக்கம் வைத்து, எந்த பஸ்ஸில் யார் ஏற வேண்டும் என்று தமிழில் பெயர் வரவைத்தவர். பின்னால் இருந்தது ஒரு சின்ன சிப். அதன் கம்பிக்கால்களில் ஒன்று கரண்ட் விட்டால் திரையில் வெள்ளைப் புள்ளி, நிறுத்தினால் கறுப்பு.

"டிவி நமக்காக நிக்காதுண்ணே. ஒரு கோடு ஓடி முடியறதுக்குள்ள இந்தக் கால் எத்தன தடவ மாறுதோ, அத்தன புள்ளிதான். நம்ம சிப்பு மெதுவாத்தான் மாத்தும்" என்பார். அதனால் புள்ளிகள் தடித்திருந்தன. ஒரு வரிக்கு நான்கு எழுத்துதான் கொண்டது.

கலியபெருமாள் என்ற என் பெயர் 'கலியபெ' என்று நின்றுவிட்டது. "யோவ் கலியபெ, யல்லா, சீக்கிரம், பஸ் கெளம்புது!" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே. கண்ணாடி உடைந்துவிட்டது என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவன் நான்.

செல்வம் மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, நெசமாவே படிக்க வராதா?"

"வராதுப்பா. வெளிய சொல்லிடாத."

"சொல்லல. ஆனா உங்க பேரு முழுசா வரணும்ல?"

மூன்று வெள்ளிக்கிழமை சிப்போடு மல்லுக்கட்டினார். எழுத்தை நெருக்கினால் படம் காற்றில் ஆடும் வேட்டி மாதிரி நெளிந்தது. கடைசியில் சிரித்துக்கொண்டே, "மெதுவா இருந்தா என்ன? இன்னொரு வரி எடுத்துக்குவோம்" என்றார்.

கலிய. பெருமாள். இரண்டு வரி. விரல் வைத்து நான் படித்த முதல் எழுத்துகள் அவை. அதன் பிறகு பட்டியலுக்குக் கீழே தினம் எனக்கென்று ஒரு சொல் வைத்தார்: உப்பு, மழை, சோறு. பஸ் வருவதற்குள் படித்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு ராஜநடைதான்.

பஸ் விவரம் இப்போது போனில் வருகிறது. திரையை மாற்றத் தெரிந்தவர் இல்லை. அதில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. செல்வம். நான்கே எழுத்து, ஒரே வரி. தயவுசெய்து யாரும் அதை அணைக்க வேண்டாம்.

அவர் மனைவிக்கு ஒரு கடிதம் தொடங்கியிருக்கிறேன். மூன்று வரி ஆகியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு வரி எடுத்துக்கொள்வேன்.