பதினாறு கம்ப்யூட்டர்களுக்கு நான் போட்ட கெர்னல்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. இந்தக் கெர்னல் கேட்கிற வசதி உங்கள் பிராசசரில் இல்லை, அதற்கு ஏற்ற கெர்னலைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது. விஜயதசமி காலை, திண்டிவனத்தில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில், சந்தனமும் குங்குமமும் வைத்த பதினாறு மானிட்டர்களிலும் அந்த இரண்டு வரிதான் நின்றது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் கம்ப்யூட்டர் ஒன்றைப் போடும்போது திரை கொஞ்சம் கூடுதலாகக் கறுப்பாக நின்றால் அந்த இரண்டு வரியைத்தான் எதிர்பார்க்கிறேன்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவரை மாணவர்கள் முதல் வாத்தியார்கள் வரை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவார். நானும் விழுப்புரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்ததால் பல நாள் ஒரே பெட்டியில் வருவோம். அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து எதிரே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கை கடலை கொடுத்துவிட்டுத்தான் தான் தின்பார். கணவர் ஒரு விபத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். எட்டு வருஷமாகத் தற்காலிக வேலை. லேப் ஒழுங்காக ஓடுவதை விஜயதசமியன்று பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று தாளாளர் சொல்லியிருந்தார். ஓடாத லேபுக்கு ஆள் எதற்கு என்றும் அவரே சொல்லியிருந்தார்.

லேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விண்டோஸுக்குப் பதில் பழைய லினக்ஸ், ஆனால் மக்கர் பண்ணாது. ஒரே ஒரு குறை, உதவித்தொகை விண்ணப்பம் போடுகிற சைட் அந்தப் பழைய பிரவுசரில் திறக்கவில்லை. அக்கா என்னிடம் கேட்டது அதை மட்டும்தான். நான்தான் எல்லாவற்றையும் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். அப்போது எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்கிற நினைப்பு.

"ஓடிக்கினு இருக்கிறத எதுக்கு தம்பி நோண்டணும்? என் மிஷின்ல மட்டும் அந்த சைட்டு தொறந்தா போதும்ப்பா" என்றார் அக்கா.

நான் சிரித்தேன். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் பாகங்களுக்கும் அதில் ஓடும் புரோகிராம்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்குகிற பகுதி. அது பழசாக இருந்தால் மேலே எதைப் புதுசாக்கியும் பிரயோஜனமில்லை என்று அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். என் பென்டிரைவில் இரண்டு ரகக் கெர்னல்கள் இருந்தன. ஒன்று பழைய பிராசசர்களுக்கானது. இன்னொன்று நிறைய மெமரியைக் கையாளத் தெரிந்தது, ஆனால் அதற்கான வசதி பிராசசரிலேயே இருக்க வேண்டும். அங்கிருந்த கம்ப்யூட்டர்களில் இருந்த மெமரிக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் தேவையே இல்லை. இருந்தும் அதைத்தான் எடுத்தேன். புதுசு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. அக்காவின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் முதலில் போட்டு, அணைத்து, மறுபடி போட்டேன். ஜம்மென்று வந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்த மதர்போர்டையும் பிராசசரையும் முந்தின வருஷம் புதிதாக மாற்றியவன் நானேதான். வெளியே பெட்டி ஒரே மாதிரி இருந்ததால் உள்ளே இருப்பது வேறு என்பதை மறந்துபோனேன். மற்ற பதினாறிலும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப்போட்ட பழைய பிராசசர். ஒரு வரி கட்டளை கொடுத்திருந்தால் அந்த வசதி இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டரே சொல்லியிருக்கும். அந்த ஒரு வரியை நான் அடிக்கவில்லை.

புதுக் கெர்னலைப் போட்டாலும், அணைத்துப் போடும்வரை பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பதினாறும் நல்லபடியாகவே தெரிந்தன. ஹார்டு டிஸ்க்கில் இடம் போதாதென்று பழைய கெர்னலை எல்லாவற்றிலும் அழித்துவிட்டேன். திரும்பிப்போக வழியில்லாமல் என் கையாலேயே செய்தேன். ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்துவிடலாமா என்று அக்கா கேட்டார். ஆயுத பூஜைக்கு எப்படியும் அணைக்கத்தானே போகிறோம், விஜயதசமியன்று போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் மதியம் பூஜை. அணைத்து, பொட்டு வைத்து, பொரியும் பழமும் படைத்தோம். பூஜைக்கு வைத்ததை மறுநாள்வரை தொடுவதில்லை.

விஜயதசமிக்குத் தாளாளர் பட்டுவேட்டியில் வந்தார். பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள். அக்கா சூடம் காட்டிவிட்டு ஒவ்வொன்றாக சுவிட்சைப் போட்டார். அவர் மேஜைக் கம்ப்யூட்டர் வந்தது. மற்றவற்றில் அந்த இரண்டு வரி. நான் ஓடி ஓடி எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். திரும்பவும் அதே இரண்டு வரி. பெற்றோர்களில் யாரோ மெதுவாக வெளியே நழுவினார்கள்.

"யாரு இதுல கைய வச்சது?" என்றார் தாளாளர்.

அந்த மாதம்தான் எங்கள் கடைக்கும் பள்ளிக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொன்னால் முதலாளி என்னை நிறுத்திவிடுவார். அக்கா என்னைப் பார்த்தார். அதட்டலாகவோ கெஞ்சலாகவோ பார்க்கவில்லை, சும்மா பார்த்தார். நான் குனிந்து கீபோர்டில் எதையோ தேடுவதுபோல் நின்றேன்.

"நான்தாங்கய்யா. தெரியாம பண்ணிட்டேன்" என்றார் அக்கா.

அங்கேயே சரிசெய்ய முடியவில்லை. சிடி டிரைவ்கள் செத்துக் கிடந்தன, பென்டிரைவிலிருந்து கிளம்ப அந்தப் போர்டுகளுக்குத் தெரியாது. பதினாறு ஹார்டு டிஸ்க்குகளையும் கழற்றி, துண்டில் சுற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகச் சரியான கெர்னலைப் போட்டு எடுத்துவர அந்த வாரம் முழுவதும் ஆனது. அதற்குள் அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லேபையும் மூடி அந்த அறையைப் பழைய பெஞ்சுகள் போட எடுத்துக்கொள்ளப்போவதாக வாட்ச்மேன் சொன்னார். இருந்தும் ஹார்டு டிஸ்க்குகளை மாட்டி எல்லாவற்றையும் போட்டேன். பதினாறும் வந்தன. ஆளில்லாத அறையில் அவ்வளவு வெளிச்சம். அங்கிருந்தே அக்காவுக்கு போன் செய்து, எல்லாம் ஓடுகிறது என்றேன்.

"எல்லாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தூசி அடையும் தம்பி. எதனா துணி போட்டு மூடிட்டு வா" என்றார்.

மன்னிப்பு கேட்கத்தான் போன் செய்தேன். கேட்காமலேயே வைத்துவிட்டேன். பிறகு அவர் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தெரு வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். தைரியம் வந்து ஒரு நாள் போனபோது அவர் அங்கே இல்லை, போன் எண்ணும் மாறியிருந்தது.

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தாளாளரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். நான்தாங்கய்யா என்று வாய்வரை வந்தது. பஸ் கிளம்புகிறது, ஏறுங்க என்று கண்டக்டர் என் தோளைத் தட்டினார். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.