பேயென்று அடித்த நெஞ்சு

நாளை எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுக்கப் போகிறீர்களா? பயப்படாதீர்கள். நெஞ்சில் பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். அவ்வளவுதான். என் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சோதித்தவன் ஒரு மந்திரவாதி. அவன் கருவி பிரம்பு.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். எனக்குக் கல்யாணமாகிப் புதிது. கதிர்க்கட்டு சுமந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு இளைக்கும். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் மேளம் உச்சத்துக்குப் போனபோது தலைமுடி அவிழ்ந்து விழுந்தேன். இருமலில் ரத்தம் வந்தது.

“ரத்தங்குடிப் பேயாக்கும் கேறியிருக்கு” என்றார் மாமியார். அதற்குமேல் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

பேய் தன் பேரைச் சொன்னால் அடியை நிறுத்துவது வழக்கம். மந்திரவாதி என் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, “ஆருட்டீ நீ? பேரச் சொல்லு!” என்று விளாசினான். செத்தவள் எவள் பேரையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பேச மூச்சு வேண்டாமா? வாயைத் திறந்தால் நுரையும் ரத்தமும்தான் வந்தது. “சரியான பிடிவாதக்காரி” என்று இன்னும் ஓங்கினான். என் கைகளை அமுக்கிப் பிடித்திருந்தவர் என் கணவர். அவரை மன்னித்தேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.

விஷயம் அறிந்து ஓடிவந்த என் அண்ணன் வாசலிலேயே அவரை அறைந்தான். “லேய், அடிச்சுக் கொல்லதுக்கா பிள்ளையக் கெட்டித் தந்தோம்? வண்டியில ஏறுலே!”

எங்கள் இருவரையும் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

டாக்டர் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். வந்திருந்தது. பிறகு ஸ்கிரீனிங் (எக்ஸ்ரே கதிரால், இதயம் அசைவதைத் திரையில் நேராகப் பார்ப்பது). அன்று அதுதான் உண்டு.

இருட்டறை. கண் இருட்டுக்குப் பழகுவதற்காக டாக்டர் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொரு மந்திரவாதி என்றே நடுங்கினேன். முதுகுக் காயங்கள் பின்பலகையில் உரச, அலறினேன். ஒரு வெள்ளைக் கூழை (பேரியம், உணவுக்குழாயைத் திரையில் காட்டும்) விழுங்கச் சொன்னார். குழைத்த சுண்ணாம்புபோல் இருந்தது. வீங்கிய இதயம் அந்தக் குழாயைத் தள்ளுகிறதா என்று பார்ப்பார்களாம்.

டாக்டர் என் கணவரைக் கூப்பிட்டார். “இஞ்ச வாரும். உம்ம பெண்டாட்டி நெஞ்சு இதுதான். வால்வு (இதயத்தின் கதவு) சுருங்கிப் போச்சு. ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்குது. அதுதான் இருமினா வருது. பேய் எங்க நிக்குண்ணு காட்டும், பாப்போம்.”

திரையின் பச்சை வெளிச்சத்தில் எனக்கு என் கணவர் முகம் மட்டும் தெரிந்தது.

“கெடந்து துடிக்கே டாக்டரே” என்றார்.

“இன்னும் ஒருதரம் அடிச்சா நிண்ணுரும்.”

மாத்திரையும் உப்பில்லாக் கஞ்சியுமாகத் தேறினேன். அடுத்த கொடை வந்தது. கோவில் மேளம் வீடுவரை அதிர, நெஞ்சு மறுபடி ஓடியது. அடுக்களையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் மந்திரவாதியைக் கூட்டி வந்தார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். அவன் என் முடியில் கைவைத்தான்.

கணவர் உலக்கையை எடுத்து அவன் முழங்கையில் போட்டார். எலும்பு முறிந்தது மேளத்தை மீறிக் கேட்டது.

“தொடாதலே! அவளுக்க நெஞ்ச நான் கண்ணால கண்டவனாக்கும்!”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்?

பிற்பாடு ஆபரேஷன் செய்து வால்வை விரித்தார்கள். ஆனாலும் அவசரம் என்பது இந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை. அந்தக் காலத்தில் மூச்சு வாங்கினால் யார் கண்ணிலும் படாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்து இளைப்பேன். இப்போது வடசேரிச் சந்தைக்கு நடுவே, போகிற வழியிலேயே நின்றுவிடுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும், சுற்றிப் போகட்டும். மூச்சு வந்த பிறகுதான் அடுத்த அடியை எடுத்து வைக்கிறேன்.