கூடு எங்க இருக்குன்னு கேட்டவனுக்கு

இன்னைக்கு கிங்ஸ் சர்க்கிள்ல பஸ் ஏறுனேன். பக்கத்து சீட்டுல ஒருத்தன், கழுத்துல பெரிய கேமரா. ஃபேஸ்புக்ல என்னையப் பாத்திருக்கானாம்.

"ஆச்சி, நேத்து நீங்க போட்ட தேன்சிட்டுக் குஞ்சு சூப்பர்! கூடு எங்க இருக்கு? லொகேஷன் அனுப்புங்களேன்."

அவனுக்கு ஞாபகமில்ல, எனக்கு இருக்கு. போன வருஷம் செம்பூர்ல, படம் தெளிவா விழணும்னு கூட்ட மறைச்ச இலையெல்லாம் ஒடிச்சுப் போட்டவன் இவன்தான். நான் பக்கத்துல நின்னு கத்துனேன். மறுநாள் குஞ்சுகளக் காக்கா தூக்கிட்டுப் போயிட்டு. இவன் படத்துக்கு ஒரே பாராட்டு.

"சொல்ல மாட்டேன். நீ இலைய ஒடிப்ப" ன்னேன்.

"இலைதான ஆச்சி, திரும்ப வளந்துடும்."

"போன குஞ்சு திரும்ப வருமாடே?"

அவன் செல்ஃபோன எடுத்து என் படத்தப் பெருசாக்குனான். "பின்னால ஒரு நீல கேட் தெரியுதே, எங்கயோ பாத்திருக்கேனே..."

எனக்குப் பகீர்னு ஆயிட்டு. எடுக்கும்போது எனக்குக் குஞ்சு மட்டுந்தான் தெரிஞ்சுது, கேட் தெரியல. அவன் யோசிச்சு முடிக்கதுக்குள்ள என் ஃபோன்ல ஃபேஸ்புக்கத் திறந்து படத்த அழிச்சிட்டேன்.

லைக் போட்டவங்க கோவிச்சுக்கிடாதீங்க. கமெண்ட்ல என்னைய ஏசணும்னாலும் ஏசுங்க. எந்த இடம்னு மட்டும் கேக்காதீங்க.