நாலு காலும் எனக்கு

சிவனணைந்தபெருமாள் பிள்ளை எதிரே வருகிற பிராணியின் காலைத்தான் முதலில் பார்ப்பார். கடாவோ கழுதையோ, அதன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பின்னங்காலில், குதிகாலுக்கு மேலே இறுகி நிற்கிற நரம்பில் அவர் கண் போய் ஒட்டிக்கொள்ளும். உதட்டைக் குவித்துக்கொண்டு, வலது கையை விரித்து, காற்றிலேயே சாண் போட்டுப் பார்ப்பார். "நல்லா தேறும்வே" என்பார். மாடு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இந்தக் காட்சியை நித்தம் காணும் பாக்கியம் பெற்றவர் ஜட்கா வண்டிக்காரர் கிதிர் முகம்மது. சாரல் விழுந்துவிட்டால் பிள்ளை மனைவியோடு குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கிவிடுவார். ஆனாலும் வயலைப் பார்க்கவும், எங்கே எது செத்தது என்று விசாரிக்கவும் தினமும் தென்காசிக்கு இறங்கி ஏறியாக வேண்டும். கிதிரின் குதிரை லாயம் பிள்ளையின் தென்னந்தோப்பு ஓரத்தில் இருக்கிறது. அதனால் வேறு சவாரியை விட்டுவிட்டு வரவேண்டியவர் கிதிர்தான். வழி முழுக்க வில் கதையைக் கேட்க வேண்டியவரும் அவர்தான்.

பிள்ளைக்கு வில் பைத்தியம் பிடித்தது ஒரு துரையால். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சாரலுக்குக் குற்றாலம் பங்களாவில் வந்து தங்குவார். ஒரு வருஷம் அவர் துருக்கி தேசத்து வில் ஒன்றை வெளியே எடுத்து வைத்திருந்தார். வெறும் மரத்தை அத்தனை வளைத்தால் முறிந்துவிடும். இந்த வில்லின் முதுகில் மிருகத்தின் நரம்பை நார்நாராக்கிப் பசை போட்டு ஒட்டியிருப்பதால்தான் அது தாங்குகிறது என்று துரை விளக்கினார். பிள்ளை தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். துரை வில்லை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. மானமுள்ள மனுஷன் வீட்டுக்கு வந்து காப்பியைக் குடித்துவிட்டு மறந்திருப்பான். பிள்ளை அன்றைக்கே ஒரு சடச்சி மரக் கம்பை வெட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் பாளையப்பட்டுல வில்லு பிடிச்சவரு கிதிரு. எங்க ரத்தத்துல உள்ளது" என்பார். அந்தப் பாட்டன் பிடித்தது வில்லா, தீப்பந்தமா, அல்லது பாளையக்காரரின் வெற்றிலைப் பெட்டியா என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் பிள்ளை பேசுகிறார்.

பிள்ளை வீடு சுத்த சைவம். முட்டை என்ற வார்த்தைகூட அந்த வாசலைத் தாண்டாது. கசாப்புக் கடைக்கு முன்னால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். பொத்திக்கொண்டே காலுக்குச் சொல்லி வைப்பார். இலையில் சுற்றி வருகிற பொட்டலத்துக்குத் தண்ணீர் தெளித்து, விபூதி இட்டு உள்ளே எடுத்துப் போவார். அதற்குமேல் அது நரம்பு இல்லை. "நரம்புன்னு வாயால சொல்லாதட்டி. நாருன்னு சொல்லு" என்று மனைவி ஆவுடையம்மாளை அதட்டுவார்.  அந்த அம்மாள், நரம்பு தொங்குகிற துணிக்கொடியில் தன் புடவையை மட்டும் ஓரத்துக்கு நகர்த்திக்கொள்வாள்.

காய்ந்த நரம்பைக் கல்லில் வைத்து, தச்சரிடம் இரவல் வாங்கிய கொட்டாப்புளியால் தட்டித் தட்டி இழை இழையாகப் பிரிப்பார். பிரித்ததைச் சிக்கெடுப்பதற்கு ஆவுடையம்மாளின் சீப்பு. அவள் விரலால் தலை கோதி முடிந்துகொள்ளப் பழகி எத்தனையோ நாளாயிற்று. பிறகு இழைகளை வஜ்ஜிரப் பசையில் தோய்த்து, வில்லின் முதுகில் நீட்டிப் படியவைத்து, தாழ்வாரத்தில் காயப்போடுவார். இதுவரை எல்லாம் சரி. கை சுத்தமான கைதான், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் குற்றாலத்துச் சாரலில் எது காயும்? அப்பளம் காயாது, விறகு காயாது. இது பிள்ளைக்குத் தெரியாததும் இல்லை. வேட்டி ஈரமாக இருக்கிறது என்றுதான் அந்த வீட்டில் காலையில் முதல் சண்டை. ஆவுடையம்மாள் கங்குச் சட்டியின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் வேட்டியை விரித்துச் சூடாக எடுத்துக் கொடுத்தால்தான் உடுத்துவார். அதே தாழ்வாரத்தில், தூவானம் வந்து அடிக்கிற இடத்தில், பசை பூசிய வில் கிடக்கும். சில நாளில் பசை கொழகொழத்து, இழைகள் ஓரம் தூக்கி, மரத்தை விட்டுக் கழன்று தொங்கும். வளைத்தால் மரம் முறியும். வருஷா வருஷம் இதே கதைதான்.

"துண்டே காயமாட்டேங்கு. இது காயுமாக்கும்" என்று ஒரு தடவை ஆவுடையம்மாள் சொல்லிவிட்டாள்.

"வில்லைப் பத்தி உனக்கு என்னட்டி தெரியும்? குத்தம் பசையில இல்ல. நாருல இருக்கு" என்றார் பிள்ளை.

சித்திரை வெயிலில் தென்காசி வீட்டு மாடியில் வைத்துச் செய்திருக்கலாம். ஆனால் சித்திரையில் யார் வந்து பார்ப்பார்கள்? துரையும் ஜமீன் விருந்தாளிகளும் சாரலுக்குத்தானே வருகிறார்கள். பார்க்க நாலு பேர் இல்லாத இடத்தில் பிள்ளைக்குத் தும்மல்கூட வராது.

குற்றம் நாரில் என்று முடிவாகிவிட்டதால், நார் மாறிக்கொண்டே போனது. காளை நரம்பு முதலில் கழன்றது. "மாடு அடிமைச் சாதிவே. அடிச்சாத்தான் நிமிரும்" என்று அதைத் தள்ளினார். மான் நரம்பு வந்தது. அதுவும் கழன்றது. "மான் பயந்தாங்கொள்ளி. அம்பைத் தொடுக்கதுக்கு முன்னாலயே வில்லு நடுங்குது." காட்டுப்பன்றி முரட்டுப் பயல், வளையமாட்டேன் என்கிறான். மிளா மேயப் பிறந்ததே தவிர வேறொன்றுக்கும் ஆகாது. புளியரைப் பக்கத்து வேட்டைக்காரன் சுடலைக்கண்ணு, வரையாட்டு நரம்பு என்று சொல்லி வீட்டு வெள்ளாட்டின் நரம்பைக் கொண்டுவந்து கொடுத்தான். பிள்ளை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தீரா, பாறைக்குப் பாறை தாவுத கால்லா" என்று கிதிரிடம் காட்டினார். கிதிர் கடிவாளத்தைச் சுண்டி வண்டியை ஓட்டினார். வேலி தாண்டத் தெரியாத அந்த ஆட்டை அவர் பார்த்திருக்கிறார்.

பிள்ளையின் குடையைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய குடை, மூன்று பேர் தாராளமாக நிற்கலாம். ஆனால் அது ஒரு தலைக்குத்தான். குற்றாலநாதர் கோயிலுக்குப் போகும்போது அவர் குடைக்குள் போவார். ஆவுடையம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நனைந்து வருவாள். வண்டியிலிருந்து இறங்கினால் முதலில் குடை இறங்கி விரியும், அப்புறம்தான் பிள்ளை இறங்குவார்.

இந்த வருஷம் சாரலுக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. துரை ஆவணியோடு சீமைக்குப் போகிறார், திரும்பி வரமாட்டார். அதற்குள் ஒரு வில்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, அவர் கையை நீட்டும்போது எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். பிள்ளையின் லட்சியம் இவ்வளவுதான். இதற்காகத்தான் ஊரில் உள்ள கால்களையெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

கிதிரின் குதிரைக்கு மைனா என்று பெயர். வயதான பெட்டைக் குதிரை. ஆனியில் அதற்கு இருமல் பிடித்தது. பிள்ளை அன்றிலிருந்து காலையும் மாலையும் லாயத்துக்கு வந்துவிடுவார். "மைனா எப்படி இருக்கு? தீனி எடுக்கா?" என்று கேட்பார். கழுத்தைத் தடவிக் கொடுப்பார். கிதிருக்கு மனசு இளகிவிட்டது. மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வீட்டில் சொல்லி வருத்தப்பட்டார். அந்தக் குதிரையை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அது படுத்தால் அவரும் படுக்கவேண்டியதுதான்.

ஒருநாள் பிள்ளையின் கை கழுத்திலிருந்து முதுகுக்கு வந்து, தொடைக்கு இறங்கி, பின்னங்காலில் போய் நின்றது. விரல்கள் விரிந்தன. சாண் போட்டார்.

"மனுசனுக்கே நெலை இல்ல கிதிரு. இது போயிட்டா என்ன செய்வீரு?"

"பொதைப்பேன் அண்ணாச்சி. லாயத்துக்குப் பின்னாலயே."

"பொதையும். நான் வேண்டாங்கல. நாலு காலும் எனக்கு. மத்ததை நீரு பொதைச்சுக்கிடும்." சொல்லிவிட்டு ரகசியம்போலக் குரலைத் தாழ்த்தினார். "துருக்கிக்காரன் குதிரை நாருதான் போட்டிருப்பான்வே. எனக்கு இப்பத்தான் வெளங்குது."

 லாயம் நிற்பது பிள்ளையின் தோப்பில், கிதிர் எதிர்த்துப் பேச முடியாது. அன்று முதல் பிள்ளை உள்ளே வந்தால் கிதிர் போய்க் குதிரையின் பின்னங்காலை மறைத்துக்கொண்டு நிற்பார். இருமலுக்கு மிளகும் பனங்கருப்பட்டியும் இடித்து உருட்டி ஊட்டினார். தன் கம்பளியை அதற்குப் போர்த்தினார். ஆடி பிறந்ததும் இருமல் தணிந்தது. பிள்ளையின் முகம்தான் வாடிப்போயிற்று. "தேறிட்டுதோ?" என்று கேட்ட குரலில் பந்தியில் இடம் கிடைக்காதவனின் வருத்தம் இருந்தது.

ஆடிக் கடைசியில் ஒரு சாயங்காலம், பிள்ளையை ஏற்றிக்கொண்டு வண்டி மேலகரம் தாண்டிக் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சாரல் வலுத்துவிட்டது. வழுக்கலில் மைனாவுக்குக் கால் இடறி, முன்னங்கால் மடிந்து, ஏர்க்காலோடு சாய்ந்து விழுந்தது. கிதிர் குதித்து இறங்கி வாரை அவிழ்த்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார். குதிரை விலாவைத் தரையில் போட்டுக் கிடந்தது. கண் மேலே செருகியிருந்தது.

"அண்ணாச்சி, தலைமாட்டுக்கு வாங்க. கடிவாளத்தைப் பிடிங்க. நான் தோளைக் கொடுத்துத் தூக்குதேன்."

குடை இறங்கி விரிந்தது. பிள்ளை இறங்கினார். தலைமாட்டுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், குதிரையின் பின்னங்கால்களுக்கு மேலே குடையைப் பிடித்தார். நன்றாகக் குனிந்து, ஒரு சொட்டு விழாமல் பிடித்தார். அவர் தலையிலும் முதுகிலும் மழை கொட்டியது. பிள்ளை நனைந்து கிதிர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க" என்று கெஞ்சினார் கிதிர்.

"நனைஞ்சா நாரு ஊறிப்போவும்வே. ஈரம் ஆவாது."

"அதுக்கு உசுரு இருக்கு அண்ணாச்சி."

"இருக்கட்டும். நான் இல்லைன்னா சொல்லுதேன்?"

பலாப்பழக் கூடையோடு வந்த முப்பிடாதியம்மாள் என்ற கிழவி கூடையை இறக்கி வைத்தாள். குடையைப் பார்த்தாள், குடைக்கு வெளியே நனைகிற பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மவராசன். தான் நனைஞ்சு வாயில்லாச் சீவனுக்குக் கொடை பிடிக்காரு" என்றாள். பிள்ளை மறுக்கவில்லை. கிழவியே போய்க் கடிவாளத்தைப் பிடித்தாள். கிதிர் தரையில் முழங்காலை ஊன்றி, குதிரையின் அடியில் தோளைக் கொடுத்து, மைனா மைனா என்று கூப்பிட்டுக்கொண்டே முக்கி எழுந்தார்.

மைனா எழுந்துவிட்டது. நாலு காலும் வெடவெடவென்று நடுங்கின, ஆனால் நின்றது. கிதிர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். முப்பிடாதியம்மாள் பிள்ளையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிள்ளை அந்தப் பின்னங்காலைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். பிறகு குடையை அதன் மேலிருந்து எடுத்துத் தம் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.